கீமோவுக்குப் பிறகு பத்தாம் நாள்

நான்கு வயதுச் சிறுமி. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. பகலெல்லாம் ஓடியாடினாள், இரவு ஒன்பது மணிக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. தெர்மாமீட்டர் 100.6 காட்டுகிறது. இருமல் இல்லை, சளி இல்லை, தொண்டையில் வலியும் இல்லை. பாட்டி சொல்கிறார்: "வெயிலில் ஆடிய சூடு. காய்ச்சல் மருந்தை ஒரு மூடி கொடுத்துப் படுக்கவை, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்." வேறு எந்தப் பிள்ளைக்கும் அது நல்ல யோசனைதான். இந்தப் பிள்ளைக்கு விடியும்வரை அவகாசம் இல்லாமல் போகலாம்.

புற்றுநோய் உள்ள குழந்தையைப் பராமரிக்கும் பெற்றோருக்கும், குழந்தைகள் புற்றுநோய் வார்டில் புதிதாகச் சேரும் செவிலியருக்கும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லித்தர முடியும் என்றால், அந்த ஒன்பது மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் சொல்வேன். பக்க விளைவுகளில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதியான நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள், நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை. மருந்துகள் பெரும்பாலும் அதே மருந்துகள்தான். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, சிகிச்சையைப் பாதியில் விடுவது, இவற்றோடு சிகிச்சையின் பக்க விளைவுகளால் ஏற்படும் மரணமும் இந்த இடைவெளிக்குக் காரணம். இந்த மூன்றாவது காரணம் பெருமளவுக்குச் செவிலியர் கையில் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு அம்மா கையில்.

கீமோ என்ன செய்கிறது?

புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பெருகும். அப்படிப் பெருகும் செல்களைக் குறிவைத்தே கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேலை செய்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஆள் அடையாளம் தெரியாது. நம் உடம்பிலேயே வேகமாகப் பெருகும் நல்ல செல்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன: ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை, வாய் தொடங்கி ஆசனவாய்வரை நீளும் உள்தோல், முடியின் வேர். கவுன்ட் எனப்படும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை குறைவது, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி கொட்டுவது என்று நாம் பட்டியல் போடுவதெல்லாம் இந்த மூன்று இடங்களில் விழுந்த அடிகள்தான்.

1948-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதைக் காட்டினார். அந்த மருந்தைத் தயாரித்தது எல்லாப்ரகடா சுப்பாராவின் குழு. சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத்தான் இன்றும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் வாரம் ஒருமுறை விழுங்குகிறார்கள். இன்னொரு முக்கிய மருந்தான வின்கிறிஸ்டின், நம் தென்மாவட்டங்களில் பயிராகும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. மருந்து ஊசி என்றாலே மிரளும் சில தாத்தா பாட்டிகளிடம் இதைச் சொன்னால் முகம் கொஞ்சம் இளகும்.

பக்க விளைவுகள் கண்டபடி வருவதில்லை. அவற்றுக்கு நாள் கணக்கு உண்டு. வாந்தியும் ஒவ்வாமையும் மருந்து ஏறும் அன்றே வரும். வாய்ப்புண் ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகு தலைகாட்டும். ரத்த அணுக்கள் பொதுவாக ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் அடிமட்டத்துக்கு வரும். முடி இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் கிடக்கும். நரம்புப் பாதிப்பு வாரக்கணக்கில் மெல்லச் சேரும். இந்தக் கணக்கு மனதில் இருக்கும் செவிலிக்கு, நாளை என்ன வரும் என்று இன்றே தெரியும்.

கவுன்ட்

வார்டில் காதில் அதிகம் விழும் சொல் இது. "கவுன்ட் வந்துவிட்டதா சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மொத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைவிட, கிருமியை முதலில் எதிர்த்துப் போரிடும் நியூட்ரோஃபில் எத்தனை என்பதே முக்கியம். கணக்கு எளிது. மொத்த வெள்ளை அணுக்கள் 1,200, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால், 240. இது 500-க்குக் கீழே போனால் ஆபத்து மிக அதிகம். ரிப்போர்ட் தாளை வாங்கியதும் பெற்றோரையே இந்தப் பெருக்கலைப் போடச் சொல்வது நல்ல பழக்கம். இரண்டு முறை போட்டால் மூன்றாம் முறை அவர்களே நம்மைத் திருத்துவார்கள்.

ரத்தத்தின் மூன்று வகை அணுக்களில் ஏன் நியூட்ரோஃபில் முதலில் சரிகிறது? சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் எட்டுப் பத்து நாள் தாங்கும். ரத்தத்தில் நியூட்ரோஃபிலின் வாழ்வு ஒரு நாள்கூட இல்லை. மஜ்ஜையில் உற்பத்தி நின்றால் கையிருப்பு முதலில் தீர்வது அங்கேதான்.

இப்போது அந்தச் சிறுமியிடம் திரும்பி வருவோம். அவளுக்கு ஏன் சளி இல்லை, இருமல் இல்லை, புண்ணில் சீழ் இல்லை? சீழ் என்பதே இறந்த வெள்ளை அணுக்களின் குவியல். வீக்கம், சிவப்பு, சளி எல்லாம் அந்த அணுக்கள் கிருமியோடு மோதும்போது எழும் புழுதி. மோதுவதற்கு ஆளே இல்லாதபோது புழுதி எங்கிருந்து எழும்? கிருமி சத்தமில்லாமல் ரத்தத்தில் பரவும். காய்ச்சல் ஒன்றுதான் மிச்சமிருக்கும் எச்சரிக்கை மணி. அதைப் பாராசிட்டமால் கொடுத்து அணைத்துவிட்டு விடியலுக்குக் காத்திருப்பதுதான் பெரிய பிழை.

வழக்கமான வரம்பு இது: 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, ஒரே முறை 101 தொட்டாலோ, இரவோ பகலோ, உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். வீடு தொலைவில் இருந்தால் 100.4 கண்டதுமே மருத்துவமனைக்குப் போன் செய்துவிடுவது நல்லது. அக்குளில் வைத்துப் பார்த்தால் உண்மையான வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்கவும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது. அங்கே ஒரு சிறு கீறல் போதும், குடல் கிருமிகள் ரத்தத்தில் ஏற. அதே காரணத்துக்காக எனிமாவும் கூடாது, ஆசனவாயில் வைக்கும் மருந்தும் கூடாது.

மருத்துவமனை வாசலை மிதித்த நேரத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு. ரத்த மாதிரியைக் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுத்தவுடன் ஊசி. கவுன்ட் ரிப்போர்ட் வரட்டும் என்று நிற்கக் கூடாது. இந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் செவிலியரின் ஓட்டத்தைப் பொறுத்தது: மருந்து ஏற்றும் சிறு குழாயான கேனுலாவைப் போடுவது, மருந்தைக் கலப்பது, பணி மருத்துவரை எழுப்புவது. நாடித்துடிப்பு எகிறுகிறதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா, நெஞ்செலும்பின் மேல் விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று விழும். அது சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

காய்ச்சலே இல்லாமலும் இந்த ஆபத்து வரும். ஸ்டீராய்டு சாப்பிடும் காலத்தில் உடம்பு சூடேறாமலேயே நோய்த்தொற்று முற்றலாம். விளையாடும் பிள்ளை துவண்டு படுத்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் கூட்டிவர வேண்டும். மருந்து ஏற்றுவதற்கென்றே நெஞ்சில் கீமோ போர்ட் என்ற குழாயோ, கையில் பிக் லைன் என்ற குழாயோ போட்டிருக்கும் குழந்தைக்கு, அந்தக் குழாயைக் கழுவிவிட்ட ஒரு மணி நேரத்துக்குள் குளிர் நடுக்கம் வந்தால், கிருமி குழாய்க்குள்ளேயே குடியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

கை கழுவுவதைப் பற்றி எழுதினால் எல்லோரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனாலும் எழுதுகிறேன்: பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வரும் பதினைந்து உறவினர்களைவிட, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரும் ஒரு சித்தி மேல். சாப்பாட்டில் பச்சையாக எதுவும் வேண்டாம் என்று கடுமையான பத்தியம் வைப்பதால் கூடுதல் நன்மை இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சுத்தமாகச் சமைத்து, சூடாக, அன்றன்றைக்குச் சாப்பிடுவதே போதும். ஆறிய சட்னி, தெருவோரப் பழச்சாறு, காலையில் வைத்து இரவில் எடுக்கும் சோறு, இவைதான் எதிரிகள்.

தடுப்பூசியில் ஒரு கண்ணி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பு மருந்து எதுவும் கூடாது. போலியோ சொட்டு மருந்தும் அந்த வகைதான். வீட்டிலுள்ள தம்பி தங்கைக்குச் சொட்டு மருந்து கொடுத்தாலும், அந்தக் கிருமி மலத்தின் வழியே இந்தக் குழந்தைக்கு வந்து சேரலாம். ஆகவே அவர்களுக்கு ஊசி வடிவப் போலியோ மருந்து போட ஏற்பாடு செய்ய வேண்டும். முகாமுக்கு வீடு தேடி வரும் பணியாளரிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். பள்ளியிலோ தெருவிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்து, அந்தக் குழந்தையோடு நம் பிள்ளை விளையாடியிருந்தால், கொப்புளம் வருகிறதா என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். வரும் முன் கொடுக்க மருந்து உண்டு.

பிளேட்லெட் குறைவதன் அடையாளம் தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், காரணமில்லாத நீல ரத்தக்கட்டு, பல் ஈறில் ரத்தம். இயல்பான அளவு ஒன்றரை லட்சத்துக்கு மேல். பத்தாயிரம் இருபதாயிரத்துக்கு இறங்கினால் ஏற்றுவதைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்ப்பது நம் ஊர் வழக்கம். அது தவறு. நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலிக்கோ காய்ச்சலுக்கோ இபுபுரூஃபென், ஆஸ்பிரின் கூடாது. டெங்குக் காலத்தில் பழகிய பப்பாளி இலைச் சாற்றை யாராவது அரைத்துக்கொண்டு வருவார்கள், அன்பினால்தான். இங்கே பிளேட்லெட் குறைவது மஜ்ஜை உற்பத்தியை நிறுத்தியதால். பச்சை இலைச் சாறு அதைத் தொடங்கிவைக்காது. அதிலுள்ள கிருமி மட்டும் உள்ளே போகும்.

வாயும் வயிறும்

வாய்ப்புண்ணை 'புண்' என்று சொல்வதே அதன் கடுமையைக் குறைத்துவிடுகிறது. உதட்டின் உட்புறம் முழுக்கத் தோல் உரிந்து, எச்சிலை விழுங்கவும் முடியாமல் பிள்ளை வழியவிட்டுக்கொண்டு இருக்கும். மென்மையான பிரஷ்ஷால் இரு வேளை பல் துலக்குவதும், ஒரு டம்ளர் கொதித்து ஆறிய நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து அடிக்கடி கொப்பளித்துத் துப்புவதும் புண் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். கடையில் விற்கும், ஆல்கஹால் கலந்த மௌத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். காரம், புளிப்பு, முறுகலான முறுக்கு எல்லாவற்றுக்கும் விடுமுறை. குழைந்த இட்லி, சூடு தணிந்த கஞ்சி, ராகிக்கூழ் இறங்கும். நாக்கில் தயிர் படிந்தது போன்ற வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், காட்ட வேண்டும்.

தண்ணீரும் இறங்கவில்லை என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. வார்டில் மார்ஃபின் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். "மார்ஃபினா, பழக்கமாகிவிடாதா?" என்று அப்பா கேட்பார். வலிக்காகக் குறுகிய காலம், மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை என்று பொறுமையாகச் சொல்வதும் செவிலியின் வேலைதான். வலி எவ்வளவு என்று எண்ணால் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை வரைந்த அட்டையை நீட்டினால், மூன்று நான்கு வயதுக்காரர்கூடத் தன் முகத்தைத் தொட்டுக் காட்டுவார்.

வாந்திக்கு விதி ஒன்றுதான்: முந்திக்கொள்வது. கீமோ ஏறுவதற்கு அரை மணி முன்பே வாந்தியைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான் உள்ளே போயிருக்க வேண்டும். முதல் சுற்றில் கடுமையாக வாந்தியெடுத்த பிள்ளை, அடுத்த சுற்றில் மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே குமட்டும். நடிப்பு என்று அதட்டக் கூடாது. மூளை உண்மையிலேயே அப்படிப் பழகிவிடுகிறது.

நித்தியகல்யாணியின் குணங்கள்

வின்கிறிஸ்டின் நரம்புகளைத் தொடும். முதலில் தெரிவது மலச்சிக்கல். அதோடு ஒன்டான்செட்ரானும் மலத்தை இறுக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். அதனால் மூன்று நாள் போகாமல் வயிறு உப்பிய பிறகு மருந்து தேடாமல், தொடக்கத்திலிருந்தே மலமிளக்கிச் சிரப்பும் தண்ணீரும். தாடை வலிக்கிறது என்று சாப்பிட மறுப்பதும் இதனால் வரலாம். ஓடிக்கொண்டிருந்த பிள்ளையின் செருப்பு அடிக்கடி கழன்று விழுந்தால், படியேறும்போது முன்பாதம் இடறினால், அதைச் சேட்டை என்று நினைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பூஞ்சைக்கான சில மருந்துகள் கூடச் சேர்ந்தால் இந்தத் தொல்லைகள் பெருகும். அதனால் வேறு டாக்டர் எழுதிய எந்தச் சீட்டையும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் மருந்து வாங்கக் கூடாது.

புதிய செவிலியருக்கு இரண்டு எச்சரிக்கை. வின்கிறிஸ்டின் ரத்தநாளத்தில் மட்டுமே போக வேண்டியது. முதுகுத்தண்டு நீரில் தவறிச் செலுத்தினால் பெரும்பாலும் உயிர் போகும். முதுகில் போடும் மெத்தோட்ரெக்சேட்டும் இதுவும் ஒரே நாளில் ஒரே டிரேயில் வந்து நின்றதால் நேர்ந்த விபத்துகள் பல நாடுகளில் உண்டு. சிரிஞ்சில் எடுக்காமல் சிறிய திரவப் பையில் கலந்து கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்தது இதற்காகத்தான். பையாக இருந்தால் யாரும் முதுகில் செலுத்த நினைக்க மாட்டார்கள்.

இரண்டாவது, மருந்து ரத்தநாளத்தைத் தாண்டித் தசையில் கசிவது. வின்கிறிஸ்டினும், சிவப்பு நிறக் கீமோ மருந்தான டாக்சோரூபிசினும் கசிந்தால் சதை வெந்து போகும். உடனே நிறுத்தி, கேனுலாவை உருவாமல் அதன் வழியாகவே முடிந்த அளவு மருந்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு வின்கிறிஸ்டினுக்கு வெந்நீர் ஒத்தடம், டாக்சோரூபிசினுக்குப் பனிக்கட்டி ஒத்தடம். மாற்றிச் செய்தால் கேடு. "செடிக்குச் சூடு, சிவப்புக்குக் குளிர்" என்று பயிற்சிக் காலத்தில் ஒரு மூத்த சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்தச் சிவப்பு மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அம்மா ரத்தம் என்று அலறிக்கொண்டு ஓடி வருவார்.

கீமோ ஏற்றிய பிறகு இரண்டு நாள்வரை சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் இருக்கும். துடைக்கும்போது கையுறை போட வேண்டும். கர்ப்பிணிகள் தொட வேண்டாம். இதனால் குழந்தையைத் தொடுவதிலோ மடியில் போட்டுக்கொள்வதிலோ எந்தத் தடையும் இல்லை. புற்றுநோய் ஒட்டுவதில்லை.

நள்ளிரவில் மசால் தோசை

ரத்தப் புற்றுநோயின் முதல் நான்கு வாரம் ஸ்டீராய்டு உண்டு. கன்னம் உப்பும், வயிறு முன் தள்ளும், பசி அடங்காது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து மசால் தோசை கேட்டு அழும் பிள்ளையை எந்த வார்டிலும் பார்க்கலாம். காரணமில்லாமல் கோபம் வரும். அம்மாவைக் கிள்ளும், சிஸ்டரைத் திட்டும். 'செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்' என்று மாமியார் மருமகளைச் சொல்லத் தொடங்குவதும் இந்த வாரங்களில்தான். மாத்திரை பேசுகிறது, பிள்ளை பேசவில்லை என்று குடும்பத்தையே உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருக்கும். உப்பையும் இனிப்பையும் குறைத்து, சுண்டல், அவித்த முட்டை, இட்லி என்று சின்னச் சின்ன வேளையாகப் பிரிக்கலாம். சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும்.

முடி மீண்டும் வளரும். சிறு பிள்ளைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது வேறு கதை. கொட்டத் தொடங்கும் முன்பே குட்டையாக வெட்டிக்கொள்ளலாமா என்று அவளிடமே கேளுங்கள், அம்மாவிடம் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு அட்டை எழுதித்தர வேண்டும். இந்தக் குழந்தை கீமோ சிகிச்சையில் உள்ளது, காய்ச்சலோடு வந்தால் தாமதிக்காமல் ரத்தக் கல்ச்சர் எடுத்து இன்ன ஆன்டிபயாடிக்கை இன்ன அளவில் தொடங்கவும், இந்த எண்ணுக்குப் பேசவும் என்று. பெரிய மருத்துவமனை ஆறு மணி நேரப் பயணத்தில் இருந்தாலும், முதல் ஊசி தாலுகா மருத்துவமனையிலேயே ஏறிவிடும். பாட்டி விடியட்டும் என்று சொன்ன அந்த வீட்டில், அட்டை ஃபைலின் முதல் உறையில் இருந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டார். பத்தரை மணிக்கு முதல் ஊசி ஏறியது. மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் 90.